ஐந்தாவது கோடு

பட்டை காய அரை மணி நேரம் ஆகும், அதற்கு முன்னால் படிக்கக் கூடாது என்று பெட்டிக்குள் வந்த தாளில் போட்டிருந்தது. ஈரத்தில் கோடுகள் இருப்பதைவிடக் கருத்துத் தெரியும். பத்தொன்பது வருஷமாக லேபில் வேலை செய்கிற கோகிலவாணிக்கு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் பார்த்துவிட்டாள். கழுவிய தண்ணீரை வடித்து, பட்டையை இடுக்கியால் எடுத்து, உறிஞ்சுதாளின் மேல் கிடத்தும்போதே கண் போய்விட்டது, போன கண்ணைத் திருப்பி எடுக்க முடியவில்லை. மணி பதினொன்று பத்து. பதினொன்று நாற்பதுக்குப் படிக்க வேண்டும், பன்னிரண்டுக்கு ரிப்போர்ட் என்று கீழே சொல்லியிருக்கிறார்கள், கீழே அந்தப் பெண் காலை எட்டு மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள். பட்டை என்றால் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை, வெள்ளைக் காகிதம் மாதிரி ஒன்று. உண்ணி கடித்துப் பரவுகிற லைம் நோய்க் கிருமியின் புரதங்களைப் பத்து இடத்தில் வரிசையாக அதில் ஏற்றியிருப்பார்கள். நோயாளியின் ரத்தத்தில் அந்தக் கிருமியோடு சண்டை போட்ட அடையாளம் இருந்தால் அந்தந்த இடத்தில் ஊதாக் கோடு விழும். பத்தில் ஐந்து விழுந்தால் பாசிட்டிவ். நான்கு விழுந்தால் நெகட்டிவ். நான்கு நன்றாக விழுந்திருந்தன, குருடனும் தடவிப் பார்த்துச் சொல்லிவிடலாம் போல. ஐந்தாவது, கீழே தள்ளி, இருபத்துமூன்று என்று எண் போட்ட இடத்தில், இருந்தது. இல்லை, இருந்த மாதிரி இருந்தது. மூச்சு விட்ட கண்ணாடியில் விரல் பட்டுப் போனது மாதிரி. தலையைச் சாய்த்தால் தெரிந்தது, நேராகப் பார்த்தால் போய்விட்டது. காயட்டும், காய்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே நூறடி ரோட்டில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எதிர்க் கட்டடத்தின் வெள்ளைச் சுவரைப் பார்த்தாள், அதிலும் கோடு தெரிந்தது, விரிசலா கண்ணா தெரியவில்லை. நாற்பத்துநான்கு வயதாகிறது, போன மாதம்தான் கிட்டத்தில் படிக்கக் கண்ணாடி மாற்றினாள், மாற்றியதிலிருந்து எல்லா ஓரத்திலும் ஒரு நிழல் ஓடுகிற மாதிரி இருக்கிறது, கடைக்காரரிடம் திரும்பப் போக வேண்டும், போகவில்லை. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டா இன்னொருத்தியின் தலையெழுத்தைப் படிப்பது. தலையெழுத்து என்று நினைத்ததும் எரிச்சல் வந்தது. பட்டையில் இருப்பது தலையெழுத்து இல்லை, புரதம். அந்தப் பெண் பெயர் வினோதினி, முப்பத்தாறு வயது, கோத்தகிரிப் பக்கம் கால்நடை ஆய்வாளர், மாட்டுக்கு ஊசி போடுகிற வேலை. லேப் ஆள்கள் நோயாளியின் பெயரைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதுதான் நல்லது, குழாயில் எண் மட்டும் இருந்தால் கோடு கோடாகவே இருக்கும். ஆனால் மூன்று நாளைக்கு முன்னால் ரத்தம் எடுக்கிற பெண் லீவு போட்டுவிட, கோகிலவாணியே கீழே போய் எடுக்க வேண்டியதாகிவிட்டது. கையை நீட்டும்போதே வினோதினி சொன்னாள், வலது கையில நரம்பே கிடைக்காதுங்க, எல்லாம் ஊசி குத்திக் குத்திச் சுருங்கிப்போச்சு, இடதுல பாருங்க. அது உண்மைதான். மாட்டுக்கு ஊசி போடுகிறவளுக்கு நரம்பைப் பற்றித் தெரியும். அவள் முகம் சிரித்தபோது வாயின் ஒரு ஓரம் மட்டும் கொஞ்சம் பின்தங்கி வந்தது. அதைக் கவனித்ததை அவளும் கவனித்துவிட்டாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆறு வாரம் ஒரு பக்கம் முகமே வேலை செய்யலைங்க, இப்பப் பரவாயில்ல, காப்பி மட்டும் இன்னும் இந்தப் பக்கமா ஒழுகும் என்றாள், யாரோ தெருவில் போகிறவர்களைப் பற்றிச் சொல்வது மாதிரி.

மூன்று வருஷமாக முட்டி வீங்குகிறது, ஒரு மாதம் இடது முட்டி, பிறகு தானாக வற்றிவிடும், பிறகு வலது. பாதம் எரிகிறது. மாட்டுக்காரர்களின் பெயர் மறந்துபோகிறது, மாட்டின் பெயர் ஞாபகம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் முழங்காலுக்குப் பின்னால் ஒரு சிவப்பு வட்டம் வந்தது, படர்தாமரை என்று நினைத்துக் களிம்பு போட்டாள், வட்டம் பெரிதாகிப் பெரிதாகித் தானே போய்விட்டது. அந்த வட்டம்தான் லைமுக்கு அடையாளம், போட்டோ எடுத்து வெச்சிருந்தா இந்தப் பிரச்சனையே இல்லைன்னு டாக்டர் பரஞ்சோதி சொல்றாருங்க, காலுக்குப் பின்னாடி வந்ததை யாருங்க போட்டோ எடுப்பாங்க என்றாள் வினோதினி. பரஞ்சோதி அவளுடைய இரண்டாவது டாக்டர். முதலாவது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நரம்பு டாக்டர். நம்ம ஊர்ல இந்த நோயே கிடையாதும்மா, மாட்டு உண்ணி இதைப் பரப்பாது, இது குளிர்நாட்டுக் காட்டு உண்ணி, நீ நெட்ல படிச்சிட்டு வந்து பேசறே என்று சொல்லி, தூக்க மாத்திரை எழுதி, மனநல டாக்டரிடம் போகச் சொன்னவர். பரஞ்சோதியோ, தேடினாத்தானே கிடைக்கும், இங்க யாரும் தேடலை, அதனால இல்லைன்னு சொல்றாங்க என்கிறவர். பதினோரு மாதமாக அவர் கொடுத்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையைத்தான் வினோதினி விழுங்கிக்கொண்டிருக்கிறாள். விழுங்கின முதல் இரண்டு மாதம் நன்றாக இருந்தது, பிறகு வலி திரும்பிவிட்டது. கிருமி ஒளிந்துகொண்டிருக்கிறது என்கிறார் பரஞ்சோதி. அந்த இரண்டு மாசம் நீயா நினைச்சுக்கிட்டது என்கிறார் நரம்பு டாக்டர். ஊசியை எடுத்துப் பஞ்சை அழுத்தும்போது அவள் சொன்னதுதான் மூன்று நாளாக உறுத்துகிறது. பாசிட்டிவ்னு வந்துட்டாத் தேவலைங்க. நோய் வரணும்னு வேண்டிக்கறவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். கையை மடக்கி வையுங்க என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோகிலவாணி குழாயைத் தலைகீழாக ஆட்டிக்கொண்டே மாடி ஏறினாள்.

பதினொன்று பதினெட்டு. எட்டு நிமிஷம்தான் ஆகியிருக்கிறது. ஐந்து என்று யார் முடிவு செய்தார்கள் என்பது அவளுக்குத் தெரியும், இந்தப் பரிசோதனையை லேபில் ஆரம்பித்தபோது உட்கார்ந்து படித்திருக்கிறாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் நிபுணர்கள் ஒரு ஊரில் கூடி, பேசி, ஐந்து என்று வைத்தார்கள். எத்தனை பேருக்கு நோய் இருக்கிறது என்று நாடு முழுக்க ஒரே மாதிரி கணக்கெடுக்க வேண்டும், அதற்கு ஒரு அளவு வேண்டும். அந்த அளவை ஒற்றை ஆளின் முட்டிக்கு எப்படி வைப்பது என்று அங்கேயே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். கட்டுரை எழுதி, எதிர்க் கட்டுரை எழுதி, நோயாளிகள் கூட்டம் போட்டு, நீண்ட நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்த டாக்டர்மேல் விசாரணை வைத்து. நோய் மருந்தில் போய்விட்டது, மிஞ்சின வலி வேறு என்று ஒரு சாரார். போகவே இல்லை, உங்கள் பரிசோதனைதான் குருடு என்று இன்னொரு சாரார். அவளுக்கு இரண்டு பக்கமும் படிக்கும்போது சரியாகத்தான் பட்டது, அதுதான் தொந்தரவு. அங்கேயே அப்படியென்றால் கோத்தகிரியில் மாடு மேய்கிற மலையில், எலிக்காய்ச்சலும் வேறு உண்ணிக்காய்ச்சல்களும் வந்து வந்து போகிற ஆள்களின் ரத்தத்தில் சும்மாவே எத்தனை கோடு விழும் என்று யார் பார்த்தார்கள். நல்ல உடம்புக்காரர்கள் நூறு பேரை நிற்க வைத்து யாராவது எடுத்துப் பார்த்திருந்தால் அல்லவா நான்கு என்பது அதிகமா குறைவா என்று சொல்ல முடியும். எலிக்காய்ச்சல் கிருமியும் இதுவும் தூரத்துச் சொந்தம், ஒன்றைப் பார்த்த ரத்தம் இன்னொன்றுக்கும் கோடு போட்டுக் காட்டும். அப்படியானால் அந்த நான்கே வேறு கிருமியுடைய நான்கோ. அப்படியானால் ஐந்தாவதும்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காமலே அது தெரிந்தது. இப்படித்தான் அன்றைக்கும் தெரிந்தது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த பிரகதீஷ் என்ற ஆள், அமெரிக்காவில் நான்கு வருஷம் இருந்துவிட்டு வந்தவர், உடம்பெல்லாம் வலி, சோர்வு. அவர் பட்டையிலும் நான்கு நன்றாக, ஒன்று லேசாக. அமெரிக்காவில் இருந்தவர், காட்டுக்குள் நடக்கப் போனவர், இருக்கத்தானே வேண்டும் என்று மனசு முதலிலேயே சொல்லிவிட்டது, மனசு சொன்னதைக் கண் பார்த்தது, ஐந்து என்று எழுதினாள். எழுதிய ஐந்தை வைத்து வெளியூர் டாக்டர் யாரோ அவர் கையில் குழாய் வைத்து, இதயம் வரைக்கும் போகிற குழாய், ஐந்து மாதம் மருந்து ஏற்றினார். எந்தப் புத்தகத்திலும் ஐந்து மாதம் என்று இல்லை. குழாயில் சீழ் பிடித்து அது ரத்தத்தில் கலந்து அவர் தீவிர சிகிச்சையில் கிடந்தார். அவர் மனைவி ஒருநாள் ரிப்போர்ட்டின் நகல் கேட்டு லேபுக்கு வந்தாள், கையில் பச்சை நிறப் பை, தலை சீவாமல். கோகிலவாணிதான் எடுத்துக் கொடுத்தாள். எப்படி இருக்கிறார் என்று கேட்க வாய் வரவில்லை. அந்த மனைவி தாளைப் பார்த்து, விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டு, ஐந்து என்று தனக்குள் சொல்லிவிட்டுப் போனாள். அவர் பிழைத்தாரா இல்லையா என்று இன்றுவரை தெரியாது. கேட்டால் தெரிந்துவிடும், போன் நம்பர் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஒன்றரை வருஷமாக இருக்கிறது. அந்த டாக்டர் செய்ததற்கு நீ என்ன பண்ணுவே என்று கணவர் கேட்டார், நியாயமான கேள்வி. ஆனால் ஐந்து என்ற எண்ணை டாக்டர் எழுதவில்லை.

அப்படியானால் இன்றைக்கு நான்கு. சந்தேகம் என்றால் இல்லை என்று எழுதுவது பத்திரம். யாருக்குப் பத்திரம் என்று கேட்டதும் அம்மா ஞாபகத்தில் வந்து நின்றாள். கோகிலவாணி லேப் படிப்பு முதல் வருஷம் படிக்கும்போது அம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது, இப்போது தனக்கு இருப்பதைவிடக் குறைவு. மத்தியானம் ஆனால் அம்மா படுத்துவிடுவாள், விரல் மடங்காது, தோசை திருப்ப மாட்டாள், தோள் எரிகிறது என்பாள். எந்த டாக்டர் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. அப்பா அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார், மத்தியான ஷிப்ட் என்று, வந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். காலேஜில் கற்றுக்கொண்ட பெருமையில் கோகிலவாணி தானே அம்மாவின் ரத்தத்தை எடுத்து, அங்கிருந்த எல்லாப் பரிசோதனையும் போட்டு, சூலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, வாசலிலிருந்தே சொன்னாள். எல்லாம் நார்மல்மா, உனக்கு ஒண்ணுமே இல்ல. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். சரி கண்ணு என்றாள். அதற்குப் பிறகு ஒருநாளும் அம்மா வலி என்று சொல்லவில்லை. நின்றுபோய்விட்டது என்றுதான் ரொம்ப நாள் கோகிலவாணி நினைத்திருந்தாள், கல்யாணமாகிப் பிள்ளை பிறந்து, பிரசவத்துக்கு வந்திருந்தபோதுதான் பார்த்தாள், குழந்தையை எடுத்துக் கொடுக்கும்போது அம்மா விரலால் பிடிக்காமல் முழங்கைகளால் அணைத்துத் தூக்குவதை. வலி நிற்கவில்லை, சொல்வதுதான் நின்றது. நார்மல் என்ற ஒரு வார்த்தை. அந்த வார்த்தையைத்தான் இப்போது தினமும் நூறு தடவை அச்சடித்துக் கையெழுத்துக்கு அனுப்புகிறாள்.

பதினொன்று முப்பத்தொன்றுக்கு போன் அடித்தது. டாக்டர் பரஞ்சோதி தானே பேசினார், மெல்லிய குரல், அவசரம் இல்லாதவர். "அம்மா, அந்தக் கோத்தகிரிப் பொண்ணு ரிசல்ட் ஆச்சுங்களா? வெள்ளிக்கிழமை அவங்களுக்குக் கையில குழாய் வைக்கலாம்னு இருக்கேன். மாத்திரை பத்தலை, ரத்தத்துல நேரா ஏத்தினாத்தான் அடங்கும். லேசாக் கோடு இருந்தாலும் விட்டுடாதீங்க. இந்தப் பொண்ணைப் பைத்தியம்னு சொல்லியிருக்காங்க, தெரியுமில்ல?" தெரியும் என்றாள். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் மறுபடியும் தொந்தரவு. மூன்று வருஷத்தில் அந்தப் பெண்ணை உட்கார வைத்து முழுசாகக் கேட்டவர் அவர் ஒருத்தர்தான். கேட்ட காது ஒரு பக்கம், குழாய் ஒரு பக்கம். குழாய் என்றதும் பச்சைப் பை ஞாபகம் வந்தது. காய்ந்ததும் சொல்றேங்க சார் என்று வைத்துவிட்டு, லேபின் மைக்ரோபயாலஜிஸ்ட் டாக்டர் சீதாபதிக்குப் போட்டாள். இரண்டாவது ஆளாகப் பட்டையைப் பார்க்க வேண்டியவர் அவர்தான், சட்டம் அப்படி. அவர் தங்கை மகள் நிச்சயதார்த்தத்தில் பொள்ளாச்சியில் இருந்தார், பின்னால் நாதஸ்வரம். "போட்டோ அனுப்பு கோகிலா, பார்க்கறேன். போன்ல பார்த்தா எல்லாமே லேசாத்தான் தெரியும். உனக்கு என்ன தோணுது?" "நாலு சார். அஞ்சாவது ஒண்ணு, சொல்ல முடியலை." "முடிஞ்சதை எழுதும்மா. நான் சைன் பண்ணிடறேன். உன் கண்ணுக்கு மேலயா என் கண்ணு." அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

பதினொன்று நாற்பது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வைத்தாள், பக்கத்தில் பெட்டியோடு வந்த ஒப்பீட்டுப் பட்டை. அதில் ஒரு கோடு உண்டு, அதற்குச் சமமாகவாவது இருந்தால் எண்ணலாம், அதைவிட வெளுப்பாக இருந்தால் எண்ணக் கூடாது. காய்ந்ததில் நான்கு கோடும் நிறம் குறைந்து அப்படியே நின்றன. ஐந்தாவது போய்விடும் என்று நினைத்தாள், போயிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். போகவில்லை. ஒப்பீட்டுக் கோட்டைவிட வெளுப்பு, சந்தேகமே இல்லாமல் வெளுப்பு, ஆனால் இருந்தது. கறை இல்லை, நிழல் இல்லை. பட்டையை எடுத்துத் திருப்பி வைத்தாலும் அதே இடத்தில் இருந்தது. ஆக இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை, எண்ணலாமா என்பதுதான் கேள்வி, அதற்குப் பதில் அந்தத் தாளில் அச்சடித்துக் கிடந்தது, இவ்வளவு நேரமும். நான்கு என்று எழுதினாள். கம்ப்யூட்டரில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று இரண்டே கட்டம், நெகட்டிவை அழுத்தினாள். அழுத்திய விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். கீழே குறிப்புக்கு ஒரு பெட்டி இருந்தது, யாரும் எதுவும் போடுவதில்லை. அதில் டைப் செய்தாள். ஐந்தாவதாக இருபத்துமூன்றில் கோடு காணப்பட்டது, அளவுக்குக் குறைவு என்பதால் கணக்கில் சேர்க்கப்படவில்லை. இந்த முடிவு நோயாளியின் தொந்தரவுகளுக்குக் காரணம் இல்லை என்று பொருள்படாது. இரண்டாவது வாக்கியத்தை அழித்தாள், இலக்கணம் சரியாக இல்லை மாதிரி பட்டது, வேறு மாதிரி எழுதத் தெரியாமல் மறுபடியும் அதையே அடித்தாள். பட்டையின் போட்டோவோடு சீதாபதிக்கு அனுப்பினாள். ஏழு நிமிஷத்தில் கையெழுத்தோடு வந்தது. பரஞ்சோதிக்கும் ஒரு நகல் போயிற்று.

லேப் ஆள்கள் ரிப்போர்ட்டைப் பற்றி நோயாளியிடம் பேசக் கூடாது. கோகிலவாணி தாளை எடுத்துக்கொண்டு கீழே போனாள். வினோதினி மூன்றாவது வரிசையில், மலைக்குளிருக்குப் போட்டு வந்த சாம்பல் நிற ஸ்வெட்டரை மடியில் மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாளை வாங்கி முதல் வரியைப் படித்தாள். முகம் ஒன்றும் மாறவில்லை, வாயின் அந்த ஓரம் மட்டும் இன்னும் கொஞ்சம் இறங்கியது. அதற்குக் கீழே படிக்காமல் நான்காக மடிக்க ஆரம்பித்தாள். "மடிக்காதீங்க, கீழேயும் எழுதியிருக்கு" என்றாள் கோகிலவாணி. வினோதினி பிரித்துப் படித்தாள், இரண்டு தடவை.

"கோடு காணப்பட்டதுன்னா?"

"இருக்குதுன்னு அர்த்தமுங்க. எண்ணுறதுக்குப் பத்தாது."

"நான் அதைப் பார்க்கலாமுங்களா?"

வெளியாட்கள் வரக் கூடாது என்று மாடிக் கதவில் எழுதி ஒட்டியிருந்தது. கோகிலவாணி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். ஜன்னலோரம் இரண்டு பேரும் குனிந்தார்கள். மாட்டின் காதைப் பிடித்துப் பார்க்கிறவள் மாதிரி வினோதினி பட்டையைத் தொடாமல் பக்கவாட்டில் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். சரியாக அந்த இடத்தில் விரலை நிறுத்தினாள்.

"இதுதானுங்களே."

"அதுதான்."

"இது எதனால வந்தது?"

"லைமா இருக்கலாம். எப்பவோ வந்துபோன வேற காய்ச்சலா இருக்கலாம். சும்மாவும் சில பேருக்கு விழும். எனக்குத் தெரியலைங்க."

வினோதினி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கோபப்படப் போகிறாள் என்று கோகிலவாணி நினைத்தாள்.

"மூணு வருஷத்துல தெரியலைன்னு சொன்ன ஆளு நீங்க ஒருத்தர்தானுங்க" என்றாள் வினோதினி. "அந்த டாக்டருக்கும் தெரியும், இந்த டாக்டருக்கும் தெரியும்."

கோகிலவாணி இடுக்கியை எடுத்துப் பட்டையை உறிஞ்சுதாளில் திரும்ப வைத்தாள். "வெள்ளிக்கிழமை குழாய்" என்று ஆரம்பித்தாள், பச்சைப் பையைப் பற்றிச் சொல்ல வந்தது, சொன்னால் பயமுறுத்துவதாகிவிடும், சொல்லாவிட்டால் மறைத்ததாகிவிடும். "அதை வெச்ச ஒருத்தருக்குச் சீழ் பிடிச்சு ரொம்ப மோசமாப் போச்சுங்க. எல்லாருக்கும் அப்படி ஆகாது. அந்த ரிப்போர்ட்டை எழுதினது நான். அவருக்கும் இப்படி ஒரு கோடு. நான் எண்ணிட்டேன்."

வினோதினி ஸ்வெட்டரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

"குழாய் வேண்டாம்னு டாக்டர்கிட்டச் சொல்லிடறேன். வருத்தப்படுவாரு. நல்ல மனுசன்." பிறகு, "வலி இருக்குதுங்க" என்றாள், யாரும் மறுக்காதபோதும்.

"முட்டி வீங்கினவுடனே வாங்க. வற்றினதுக்கு அப்புறம் இல்ல, வீங்கின அன்னைக்கே. முட்டிக்குள்ள சேர்ற நீரை எடுத்துப் பார்க்க முடியுமான்னு எங்க டாக்டர்கிட்டக் கேட்டு வைக்கறேன். அதுலயும் ஒண்ணும் தெரியாமப் போகலாம்."

"போகலாம்" என்று வினோதினி ஒத்துக்கொண்டாள். கோத்தகிரிக்கு ஒரு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், நாளைக்குக் கன்றுகளுக்கு ஊசி போடுகிற நாள் என்றாள். ரிப்போர்ட்டை மடிக்காமல் ஸ்வெட்டருக்குள் வைத்துச் சுருட்டிக்கொண்டாள். கதவு சாத்திய பிறகு படியில் அவள் இறங்குகிற சத்தம் கேட்டது. இடது கால், அப்புறம் அதே படியில் வலது கால். நின்று, மறுபடி இடது கால். பதினெட்டுப் படி. கடைசிப் படி வரைக்கும் கோகிலவாணி இடுக்கியைக் கையில் பிடித்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.